அந்தக் கொப்பிப் பிள்ளைக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவரில் இடுப்பளவுக்குச் சேறு படிந்த கோடு இன்னும் போகவில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த இரவையும் பிறகு பட்டதையும் இங்கே எழுதப் போவதில்லை. முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கத்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தவர்கள், வகுப்பறைகளைத் திறந்துவிட்ட அதிபர், கோயில் மடத்தில் இரவும் பகலும் சமைத்த பெண்கள், அம்மாவின் பிரஷர் குளிசையைத் தேடி எடுத்து வந்த தாதி, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய சொந்தங்கள். மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27 அன்று அந்த மழைக்குள்ளும் உழவு மெசினில் எங்களை, சண்டையில் இறந்த புலிகள் இயக்கப் பிள்ளைகளை விதைத்த கனகபுரம் துயிலும் இல்லத்துக்குக் கூட்டிப்போய், திரும்பவும் கொண்டுவந்து விட்ட தம்பிமார். மாலை 6.05க்கு நினைவு மணி ஒலிக்கும்போது அம்மா உரிய இடத்தில் நின்றார். உங்கள் ஒருவரையும் மறக்கமாட்டோம்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது ஒரு பிள்ளைக்காக. உயர்தரம் படிக்கிற பிள்ளை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அன்று இரவு துயிலும் இல்லத்திலிருந்து திரும்பி, ஈரச் சேலையை மாற்றிவிட்டு அம்மா பாயில் சுவரில் சாய்ந்திருந்தார். சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை, வற்புறுத்தவில்லை. பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மம்மா, மாமாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?”

என் தம்பி 2000ஆம் ஆண்டு சித்திரையில் இயக்கச்சிப் பக்கம் வீரச்சாவடைந்தவன். ஆனையிறவு இராணுவ முகாம் இயக்கத்திடம் விழுந்த அதே மாதம். இருபது வயது நிரம்பவில்லை. வித்துடல் கனகபுரத்தில் விதைக்கப்பட்டது. சண்டை முடிந்த 2009க்குப் பிறகு கல்லறைகளை இராணுவத்தினர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 2016இல் சனம் போய்ப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கி விளக்கேற்றியபோது, உடைந்த கற்களின் குவியலுக்குள் அம்மா அவனுடைய பெயரைத் தேடித் திரிந்தார். கிடைக்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இயக்கப் பெயர் என்ன, எந்தச் சண்டை, எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதுவும் தேவைதான். ஆனால் அவனுக்கு என்ன விருப்பம் என்று வெளியாள் ஒருவர் கேட்டு நான் அறியேன். வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, அம்மா தாங்கமாட்டார் என்று.

அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம், “அவனுக்கோ? கச்சான் கடலை கண்டால் விடமாட்டான். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் ரெண்டு பொக்கற்றும் கச்சான்தான்” என்றார்.

அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது, அவன் உடுப்பு மூட்டையை இறக்கிவிட்டுச் சைக்கிள் கரியரில் கோழிக்கூட்டைக் கட்டி ஸ்கந்தபுரம் வரை உருட்டி வந்ததைச் சொன்னார். ஜாம் போத்தல் விளக்கில் படிக்கப் போய் முன்மயிரைக் கருக்கிக்கொண்டதைச் சொன்னார். பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்த காலம் அது. அப்படித் தோய்த்துக் கொடியில் போட்ட அவனுடைய ஒரே பள்ளிக்கூடச் சட்டையை மாடு வந்து சப்பிவிட்டது. அவன் ஒரு கையை இழுக்க, மாடு மறு கையை இழுக்க, கடைசியில் ஒரு கை இல்லாத சட்டையோடு வந்து நின்றானாம். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்த வகுப்பறையில் படுத்திருந்தவர்கள் எழும்பி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தச் சட்டைக் கதை எனக்கே தெரியாது.

பிள்ளை இடையில் எழும்பிப் போய் ஒரு கொப்பி எடுத்து வந்தாள். வெள்ளத்தில் ஓரம் நனைந்த கொப்பி. அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். அவன் ஒழுங்கைக்குள் வரும்போது அடிக்கிற விசில், மாரித் தவளைக்கு இருந்த பயம், தங்கச்சியின் சடையைப் பின்னிவிட்டது, புலமைப்பரிசிலில் நாலு புள்ளியால் தவறிப்போய்க் கிணற்றடியில் அழுதது, எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கின்றன. சண்டையைப் பற்றி ஒரு வரி கிடையாது. நடுவில் அம்மா தானாகவே பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டார்.

நாங்கள் வீடு திரும்பிய அன்று, கொப்பியை உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். “நான் வேறு கொப்பியில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன், அம்மம்மா. இது உங்களுக்கு” என்றாள். சண்டை முடிந்தபோது விவரம் அறியாத சின்னப் பிள்ளை அது. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மகளே, நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் தம்பி இப்போதுதான் திரும்பப் பேச்சுக்குள் வந்திருக்கிறான். நேற்றுக் காலையில்கூட அம்மா தேங்காய் துருவிக்கொண்டே அவனைப் பற்றி ஏதோ சொன்னார். அழவில்லை.

அந்தக் காலத்தில் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் பலருக்கு இன்று எழுபது, எண்பது வயதாகிறது. சிலருக்கு நினைவு தப்பத் தொடங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இரண்டு பேர் இந்த வருடம் கண்ணை மூடிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளின் கதைகளையும் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகவே கொப்பிகள் வாங்கி வைத்திருக்கிறேன். தைப்பொங்கல் கழிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய் இருக்கப் போகிறேன். பிள்ளைக்குப் பரீட்சை முடிந்தால் அவளும் வருவாள். என் தம்பியோடு ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். அம்மா இருக்கிறார். கொப்பியில் இன்னும் பக்கம் இருக்கிறது.