பாஉலாஉலா கோட்டைக்கு நிழலும் நடைபாதையும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஹவாய் மாநிலத்தின் கவாய் தீவுக்கு வரும் தமிழர்கள் பலர் வைலுவா ஆற்றங்கரையில் உள்ள இறைவன் கோயிலைத் தரிசித்துவிட்டு, மறுநாள் வைமேயா பள்ளத்தாக்கைப் பார்க்கக் காரை எடுப்பார்கள். 50ஆம் எண் நெடுஞ்சாலையில் வைமேயா ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், கடல் பக்கம் ஒரு வண்டி நிறுத்துமிடம் வரும். சிலர் கால் நீட்டிக்கொள்ள இறங்குவார்கள். எட்டிப் பார்த்தால் செம்மண் படிந்த கற்குவியல். வெயில் மண்டையைப் பிளக்கும். ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

அது குவியல் அல்ல, பாஉலாஉலா கோட்டை. கவாயின் அரசர் கௌமுவாலியி காலத்தது. நீங்கள் வந்த சாலைக்கே அவர் பெயர்தான். ஹவாய்த் தீவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்த கமேஹமேஹாவால் கவாயைப் போரிட்டுப் பிடிக்க முடியவில்லை. 1796இல் கிளம்பிய படகுகளைக் கடல் திருப்பி அனுப்பியது. 1804இல் படையை நோய் தின்றது. கடைசியில் 1810இல் பேச்சுவார்த்தையில்தான் முடிந்தது. கௌமுவாலியி அவருடைய மேலாதிக்கத்தை ஏற்றுக்கொண்டு தன் தீவைத் தானே ஆண்டார்.

1815இல் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி என்ற ரஷ்ய வணிக நிறுவனத்தின் பெரிங் என்ற கப்பல் வைமேயாவில் கரைதட்டியது. சரக்கை மீட்க வந்த ஷேஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், அரசரோடு ஒப்பந்தம் போடும் அளவுக்குப் போய்விட்டார். கோட்டை வேலை தொடங்கியது. ஜார் மன்னரின் மனைவி பெயரால் எலிசபெத் கோட்டை என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் 1817இலேயே ரஷ்யர்களை வெளியேற்றிவிட்டார்கள். அதன்பின் 1864இல் கோட்டையைக் கைவிடும் வரை அது ஹவாய் மக்கள் கையில்தான் இருந்தது. கல் சுமந்ததும் அடுக்கியதும் அவர்கள். 1824இல் அரசரின் மகன் ஹுமேஹுமே கலகம் செய்து தாக்கியதும் இதே கோட்டையைத்தான். இத்தனைக்கும் பிறகு பல ஆண்டுகள் அதை 'ரஷ்யக் கோட்டை' என்றே சொல்லிவந்தோம். 2022இல்தான் பூங்காவின் பெயர் பாஉலாஉலா என்று மாறியது. 2021இல் அரசரின் வெண்கலச் சிலையும் வந்துவிட்டது.

பெயர் மாறினால் போதாது, வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டுமே! அதற்குத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

முதல் தேவை நிழல். தீவின் நடுவில் உள்ள வையாலேயாலே மலை உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மலையின் இந்தப் பக்கமோ காய்ந்து கிடக்கும். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாக மிலோ கன்றுகளும், கோவு என்ற நிழல்மரக் கன்றுகளும் நட விரும்புகிறோம். மிலோ வேறொன்றுமில்லை, நம்ம ஊர்ப் பூவரசுதான். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவோமே, அதே மரம். உப்புக்காற்றைத் தாங்கும். சுவருக்கு அருகில் கன்று நட மாட்டோம். வேர் உள்ளே புகுந்தால் கல் சரியும். சுவரை ஒட்டி ஹாவோலே கோவா முளைக்கிறது. அது நம் சவுண்டல் மரம்தான். அதைப் பிடுங்கப் பணம் வேண்டாம், ஆள் வேண்டும்.

அடுத்தது பாதை. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகும்படி சமமான நடைபாதை, நடுநடுவே முதுகு சாய்க்கக்கூடிய பெஞ்சுகள். வழி ஒழுங்காக இருந்தால் மக்கள் சுவர்மேல் ஏறமாட்டார்கள் என்பது எங்கள் கணக்கு. அடுக்கிய கல் ஒன்று உருண்டால் பக்கத்துக் கல்லும் தளரும். அப்புறம் விளக்கப் பலகைகள். ஹவாய் மொழியில் முதலில், ஆங்கிலத்தில் அடுத்ததாக. தமிழிலும் வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது அவர்கள் வீடு, நாம் விருந்தாளிகள்.

இது மாநிலப் பூங்கா, 1962 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமும்கூட. அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது, தோண்டவும் கூடாது. பூங்கா நிர்வாகமும் உள்ளூர் ஹவாய்ப் பெரியவர்களும் ஒப்புக்கொண்ட வேலைக்கு மட்டுமே பணம் செலவாகும். அதுவரை தனிக் கணக்கில் இருக்கும். ஒரு வேலைக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால் உங்களைக் கேட்டுத்தான் வேறு வேலைக்கு மாற்றுவோம். வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுவோம்.

குடும்பத்துக்கு 50 டாலர் தந்தால் மிக்க உதவி. மாணவர்கள் 10 டாலர் தந்தாலும் மகிழ்ச்சிதான். பெஞ்சுகளில் நன்கொடையாளர் பெயர் பொறிப்பதாக இல்லை, இதை முன்பே சொல்லிவிடுகிறோம். ரசீது உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கும் அனுப்புவோம்.

களை பிடுங்க வருகிறவர்கள் தொப்பி, கையுறை, தண்ணீர் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. நினைவுக்கு என்று ஒரு கல்லையும் எடுத்துப் போகாதீர்கள்.

நன்றியுடன்,
குழுவினர், கவாய்