நின்றுபோன ஓ.சி.டி. கண் ஸ்கேன் இயந்திரத்தை ஓடச் செய்ய வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்:
கிளை அஞ்சலகத் தபால்காரர் (ஓய்வு),
முக்கூடல் வழி, சேரன்மகாதேவி வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
மருத்துவத் துறை.

பொருள்: அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் நின்றுபோன, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் இயந்திரத்தைப் பழுது நீக்கி, அதை இயக்க ஆளும் அமர்த்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆவணி மாதம் நேரில் கொடுத்த மனு. 2. ஐப்பசி மாதம் மனு நாளில் கொடுத்த மனு. 3. மார்கழி மாதம் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பிய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலே 'பார்வை' என்று எழுதி மூன்று மனுவையும் வரிசைப்படுத்தும்போது கை சற்று நின்றுவிட்டது. என் வீட்டில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருவதும் அதுதான். தங்கள் வேலைப்பளு அறிவேன். இருந்தாலும் நான்காவது முறையாகத் தங்கள் சமூகத்துக்குப் பணிந்து எழுதிக்கொள்வது:

1. எங்கள் பக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். முக்கூடலைச் சுற்றி எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணைக்குத் திண்ணை சொளவு, அதில் இலையும் தூளும், அதன் முன்னால் ஒரு பெண். என் மனைவியும் முப்பத்தெட்டு வருஷம் பீடி சுற்றியவள். வயது 61. சர்க்கரை வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதற்கு அரசுக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் இந்த மனுவைத் தொடங்குகிறேன்.

2. போன வருஷம் பங்குனியில் ஒரு நாள், "ஏங்க, நிலைக்கதவு கோணியிருக்குல்லா, ஆசாரியக் கூப்பிடுங்க" என்றாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. அவள் விடவில்லை. ஆசாரி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, "நெல கெணக்காத்தான் இருக்கு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். அப்புறம்தான் வாசலில் அவள் இழுக்கும் கோலக் கம்பி நடுவில் நெளிவதைக் கவனித்தேன். சித்திரையில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. தாங்கள் அறிவீர்கள், நானும் ஒருவரையும் மாட்டிவிட வரவில்லை. அங்கே அப்போது அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முகவாயை அதில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கண்ணில் எதுவும் படவும் இல்லை. சில நிமிஷத்தில் இரண்டு கண்ணுக்கும் படம் வந்துவிட்டது. இடது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி 486 மைக்ரான் என்றார் டாக்டர் அம்மா. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அந்த இடம் சாதாரணமாகச் சுமார் 250, அதாவது கால் மில்லிமீட்டர் இருக்குமாம். கிட்டத்தட்ட ஒரு தபால் கார்டின் கனம். அந்தக் கார்டு நீர் கோத்து இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. சர்க்கரையால் நரம்புபோன்ற சின்ன ரத்தக்குழாய்கள் கசிந்து, நடுப்புள்ளியில் தண்ணீர் தேங்கியதால் கோடு வளைகிறது என்று விளக்கினார்கள்.

இதைத் தங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல ஆகிவிடும். ஆனாலும் இந்த இயந்திரம் ஏதோ ஆடம்பரம் என்று யாராவது கோப்பில் எழுதியிருப்பார்களோ என்ற சந்தேகத்தில் எழுதுகிறேன். டாக்டர் லைட் அடித்துப் பார்ப்பது வரப்பில் நின்று வயலைப் பார்ப்பது மாதிரி. பச்சை தெரியும். வேரில் தண்ணீர் எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதை மண்ணை வெட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கண்ணை வெட்ட முடியாது, அதனால் ஒளியை வைத்து வெட்டிக் காட்டுகிறது இது. பாளையங்கோட்டையில் இயற்பியல் படிக்கும் என் தம்பி மகன் இன்னும் தெளிவாகச் சொன்னான்: கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்கிறோமல்லவா, இங்கே கல்லுக்குப் பதில் ஒளி. ஒளி திரும்பும் நேரத்தை நேராக எண்ண முடியாத அளவு வேகம். அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றதை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிடுகிறார்களாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபுஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்சன் முதலானோர் 1991-ல் இதை உலகத்துக்குச் சொன்னார்கள். 1996-ல் கண் ஆஸ்பத்திரிகளுக்கான இயந்திரமாக விற்பனைக்கு வந்துவிட்டது. 2023-ல் அந்த மூவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருதும் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய பொருளைத்தான் கேட்கிறேன், ஐயா. சந்திரயானில் இடம் கேட்கவில்லை.

3. சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதம் ஒன்றாக, கண்ணுக்குள் போடும் ஊசி மூன்று போட்டார்கள். ஆடியில் மறுபடி படம். 486 என்பது 318 ஆகியிருந்தது. வீட்டு நிலை நேராகிவிட்டது. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன், வடம் தெரிகிறது என்று சொன்னாள். அடுத்த மாதம் படம் எடுத்துப் பார்த்து, தண்ணீர் ஏறினால் மறு ஊசி, இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆவணியில் போனோம். "மெஷின் வேலை செய்யலை." புரட்டாசியில் போனோம். "கம்பெனி ஆள் வரணும்." ஐப்பசியில் போனோம், அறை பூட்டியிருந்தது.

படம் இல்லாமல் குத்துமதிப்பாக ஊசி போட முடியாது என்றார் டாக்டர் அம்மா. அவர்மேல் தப்பில்லை. கண்ணுக்குள் போடும் ஊசி, பல்வலிக்குப் போடும் ஊசி இல்லை. கையில் சாய மருந்து ஏற்றிக் கண்ணைப் படம் எடுக்கும் பழைய முறை ஒன்று உண்டாம். அந்தச் சாயத்தை ஏற்றினதும் இவள் வாந்தி எடுத்து அரை நாள் சுருண்டு கிடந்தாள், ரத்தக்குழாய் எங்கே கசிகிறது என்று தெரிந்ததே தவிர வீக்கத்தின் கனம் எத்தனை என்று அதில் எண் வராது.

வேறு ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனோம். எட்டு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். வெளியே தனியாரிடம் எடுக்கலாமே என்றால், ஒரு படத்துக்கு அவள் ஐந்து நாள் பீடி சுற்ற வேண்டும். அது கண் தெரிந்த காலத்துக் கணக்கு.

இப்போது அவள் சுற்றுவது எப்படி என்று சொல்கிறேன், ஐயா. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இதைப் படியுங்கள். இலை வெட்டுவது கத்திரியில் நடக்கும், அதற்கு விளிம்பு தெரிய வேண்டும். அவளுக்கு விளிம்பு தெரிகிறது, நடு தெரியவில்லை. நேராகப் பார்த்தால் கறுப்புப் புகை, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது. ஆகவே கோழி பார்ப்பதுபோலத் தலையை ஒருக்களித்துக்கொண்டு இலை வெட்டுகிறாள். முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் விரல் தானாகச் சுருட்டிவிடும், நூலும் சுற்றிவிடும். முனை மடக்கும் இடத்தில்தான் மாட்டுகிறது. கடையில் கட்டை உடைத்துப் பார்த்து, "அக்கா, பாதி கழிவு" என்று கொட்டிவிடுகிறார்கள். இலையும் தூளும் கணக்கில் குறைந்தால் அவள் கைக்காசு. இருட்டினபின் கழிவைப் பிரித்து மறுபடி சுற்றுகிறாள். ஒரு ராத்திரி நான் எழுந்து பார்த்தபோது விளக்குப் போடாமலே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். லைட்டைப் போட்டுக்கிடேன் என்றேன். "போட்டா மட்டும் என்ன, கரண்டு பில்லு மிச்சம்" என்றாள்.

எனக்கு வருகிற பணத்தில் சோறு நடக்கும், நீ சுற்ற வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தெருவில் அவள் சொளவு மட்டும் இல்லாமல் போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம். இப்போதும் யாருக்கும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தையில் கடன் வாங்கித் தனியாரிடம் படம் எடுத்தோம். 540. டாக்டர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. மறுபடி ஊசி தொடங்கியிருக்கிறார்கள். தண்ணீர் வற்றும், ஆனால் இத்தனை மாதம் ஊறிக் கிடந்ததில் உள்ளே சேதம், பழைய பார்வை முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். ஆவணியில் ஒரு படம் எடுத்திருந்தால்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது யார், ஐயா? நானா, அவளா?

4. இயந்திரத்தின் நிலை: ஐப்பசிக்குப் பிறகு ஒரு நாள் அறை திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். பச்சைத் துணி போர்த்தி, பக்கத்தில் முகாம் பேனர்களைச் சுருட்டிச் சாத்தியிருந்தார்கள். துணியை விலக்கினால் திரையின்மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வைத்தது. ஓடாத இயந்திரத்துக்குப் பூஜை மட்டும் குறைவில்லாமல் நடந்திருக்கிறது. விசாரித்த வரையில் பெரிய பழுது ஒன்றும் இல்லையாம், அதோடு சேர்ந்த கணினியும் யு.பி.எஸ். பேட்டரியும்தான் போயிருக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அதனால் கம்பெனி ஆள் வர மாட்டார். படம் எடுக்கத் தெரிந்த உதவியாளருக்கும் மாறுதல் வந்துவிட்டது. ஆக, ஆள் வந்தால் மெஷின் இல்லை, மெஷின் வந்தால் ஆள் இல்லை.

5. இது என் மனைவி ஒருத்திக்காக மட்டும் இல்லை. கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயில், பார்வை குறைந்தது நோயாளிக்கே தெரிவதற்கு முன்பே நரம்பிழைப் படலம் மெலிவதை இந்தப் படம் காட்டிக்கொடுக்கும். வயதானவர்களுக்கு வரும் நடுப்புள்ளித் தேய்வு, விழித்திரையில் விழும் ஓட்டை எல்லாவற்றுக்கும் இதே இயந்திரம்தான். சாயம் ஏற்றாமலே ரத்தக்குழாயைக் காட்டும் வகையும் இப்போது வந்துவிட்டது. கண்ணின் படலம் மெலிவதை வைத்து மூளை நோய்களை முன்கூட்டி அறிய முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, இதயத்து ரத்தக்குழாய்க்குள்ளேயே இதே ஒளியை விட்டுப் பார்க்கிறார்கள். 2018-ல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் டீப்மைண்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனமும் சேர்ந்து, இந்தப் படத்தைக் கணினியே படித்து யாரை உடனே கவனிக்க வேண்டும் என்று தரம் பிரிக்கச் செய்தன. அது நிபுணர்களுக்கு இணையாகச் சொல்லியது. அங்கே கணினிக்குப் படத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கே நாங்கள் படத்தை எடுங்கள் என்று மனு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கி, பணம் இல்லாதவனுக்கும் அதே கண் வைத்தியம்தான் என்று காட்டிய தமிழ்நாடு இது. இங்கே ஒரு பேட்டரி மாற்ற மூன்று மனு போதவில்லையா?

6. பேட்டரியை மாற்றித் தாருங்கள்.

7. நான் வேலை பார்த்த காலம் முழுக்க, வெயிலிலும் ஆற்று வெள்ளத்திலும், முகவரி சரியில்லாத கடிதத்தைக்கூடத் தெரு தெருவாக விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஒரு காகிதம் ஒருவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அதற்குக் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் எங்கள் விதி. 'ஆள் இல்லை', 'வாங்க மறுத்தார்', 'முகவரி போதாது' என்று ஏதாவது ஒன்று. என் மூன்று மனுவுக்கும் அதுகூட வரவில்லை. ஒப்புகை அட்டையில் முத்திரை விழுந்து வந்திருக்கிறது, ஆக, கிடைத்திருக்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்றால் மன்னிக்க வேண்டும். வயதாகிவிட்டது. அவளுக்கும்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, அந்த இயந்திரத்தின் கணினியையும் பேட்டரியையும் உடனே மாற்றி, பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, அதை இயக்கத் தெரிந்த ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாளாவது அமர்த்தித் தருமாறும், அதுவரை நடுப்புள்ளி வீக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு வெளியில் இலவசமாகப் படம் எடுக்க ஏற்பாடு செய்யுமாறும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். முடியாது என்றாலும் முடியாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். என் மனைவிக்கு அடுத்த படம் எடுக்க வேண்டிய நாள் பங்குனி மூன்றாவது வாரம். அதற்குள் பேட்டரியை மட்டுமாவது மாற்றித் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி மனுதாரர்.

இணைப்பு: சித்திரை, ஆடி, தை மாதப் படங்களின் நகல். ஒப்புகை அட்டையின் நகல். பீடிக் கடைக் கழிவுச் சீட்டு இரண்டு. தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்று.