இட்டேரி விளக்கு: முன்னாள் தலைவரக்காவுக்கு

அக்கா,

ஜனவரி 5 வந்தாலே உங்கள் நினைப்புதான். 2025-ல் அன்றைக்குத்தானே நம் பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் நான் நிற்பதில்லை. முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

அந்த மார்கழி விடியக்காலை. நான் பால் பீச்சிக்கொண்டிருந்தேன். மஞ்சப் பையில் செக் புத்தகத்தோடு எங்கள் தோட்டத்து வீட்டுச் சாளைக்கே வந்துவிட்டீர்கள். கன்றுக்குட்டி பையின் காதைக் கவ்வி இழுக்க, சிரித்துக்கொண்டே விடுவித்தீர்கள். "இட்டேரில விளக்கு மட்டும் போட்டுரலாங்க தம்பி. அங்க ஆறு தோட்டத்துலயும் வயசானவங்கதான் இருக்கறாங்க." இருபுறமும் வேலி போட்ட நம் தோட்டத்துப் பாதை, அந்த இட்டேரி. துணைத் தலைவரான என் கையெழுத்து இல்லாமல் செக் செல்லாது. பேனாவைத் தண்ணித் தொட்டித் திண்டில் வைத்தீர்கள். நான் "சொசைட்டிக்கு நேரமாச்சுங்க்கா" என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நுரை தளும்பி உங்கள் சேலையில் பட்டது. அதற்கும் நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட்டீர்கள்.

தப்புதான். ஆனால் வேறு கடைகளில் விசாரிக்காமல், ஒரே ஒரு கடையின் விலைதானே அந்த விளக்கு பில்லில் இருந்தது, அதைக் கேட்கக் கூடாதா? சரி, அன்றைக்கு அதை நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போடாதே என்று எனக்குச் சொன்னது யார் என்பதை இங்கே எழுத மாட்டேன். படிப்பவர்களில் பாதி நம் ஊர்க்காரர்கள். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம்தான் கிடையாது, கட்சி உண்டு, அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும் என்ன? மே தினக் கிராம சபையில் மைக்கைப் பிடித்து, "துணைத் தலைவர் கையெழுத்துப் போட்டா நாளைக்கே விளக்கு எரியும்" என்றீர்களே. எங்கம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே போட்டேன், ஆத்திரத்தில்.

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றுபோட்ட செய்தி வந்த ராத்திரி நீங்கள் போன் செய்தீர்கள். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அம்மா தனியாவா இருக்கறாங்க? நாயை அவுத்து உட்டுரு கண்ணு" என்று மட்டும் சொன்னீர்கள். திட்டியிருக்கலாம் நீங்கள்.

அடுத்த வருஷம் ஈரோடு மாவட்டம் சிவகிரியில் ஒரு வயதான தம்பதியையும் அப்படியே கொன்றுபோட்டார்கள். ஊருக்குள் வந்துவிடச் சொன்னால், மாட்டை யார் பார்ப்பது என்கிறார்கள் அம்மா.

நேற்று ராத்திரி இட்டேரியில் நடந்து பார்த்தேன். மூன்றாவது கம்பம் எரியவில்லை. கிளுவை வேலி ஓரமாக செல் வெளிச்சத்தில்தான் போனேன். முன்பென்றால் உங்களுக்கு ஒரு போன், மறுநாள் ஆள் வந்துவிடும். உங்கள் நம்பரை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.