லைனை நிறுத்தும் முன்: கேபிள் இணையம் நடத்துவோருக்குத் திறந்த மடல்

மண்டபம் முதல் தொண்டி வரை வீடு வீடாக ஃபைபர் இழுத்துத் தரும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

உங்கள் லைனில் சில வீடுகளில் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவு கணினி ஒன்று இரவுபகலாக ஓடுகிறது. அது ஊர்பேர் தெரியாத முகவரிகளோடு யூ.டி.பி. முறையில் தரவு பரிமாறுவதைப் பார்த்து வைரஸ் என்று எண்ணிவிட வேண்டாம். அது ஸ்னோஃப்ளேக் என்னும் மென்பொருள். யார், எங்கிருந்து என்று தெரியாமல் இணையம் பார்க்க உதவும் டோர் வலைக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு நடுவழித் துணை. ஈரானில் 2022 செப்டம்பர் போராட்டங்களின்போது இதை நாடியவர்கள் மளமளவென்று பெருகினார்கள். வீடியோ கால்களுக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி நுட்பத்தில் ஓடுவதால் பார்வைக்கு வீடியோ கால் மாதிரியே இருக்கும்.

யாரோ எதையோ பார்த்தால் நம் ஐ.பி. மாட்டுமா என்பீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் தரவு ஸ்னோஃப்ளேக் சர்வருக்குப் போய், டோருக்குள் புகுந்து, அதன் வெளிவாசல் கணினி வழியாகத்தான் இணையதளத்தை எட்டும். தளத்தின் பதிவில் கீழக்கரை முகவரி விழாது. வெளிவாசலையே வீட்டில் வைப்பது வேறு. அதை நாங்களும் வேண்டாம் என்றே சொல்வோம்.

எங்கள் குறை நேட் பற்றியது; அதாவது பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ரூட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி என்று பொருள். பரவாயில்லை, ஸ்னோஃப்ளேக்குக்குப் போர்ட் (எண்ணிட்ட தரவு வழி) திறந்துவிடத் தேவையில்லை. ஆனால் அது சிமெட்ரிக் நேட்டாக இருந்தால், பேசும் ஆளுக்கு ஆள் வெளிப்போர்ட் எண் மாறும். ஸ்னோஃப்ளேக்கை நாடிவரும் மொபைல் டேட்டாக்காரர் பலருக்கும் அதே வகைதான். பெட்டி, நாடிவருபவர் என இரண்டு பக்கமும் சிமெட்ரிக் என்றால் இணைப்பே அமையாது. பெட்டி சும்மா மின்சாரம் தின்னும். உள்ளே ஒரு போர்ட்டுக்கு வெளியேயும் எப்போதும் ஒரே போர்ட் என்று அமைத்துத் தாருங்கள். முடியாவிட்டால், கேட்பவருக்குப் பொது ஐ.பி. கொடுங்கள்.

பெட்டி இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கும் யூ.டி.பி. 123 போர்ட்டையும் அடைக்காதீர்கள். ராஸ்பெர்ரி பையில் 4-ஆம் மாடலான பை 4 வரை கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் நேரம் பின்தங்கும். நேரம் தப்பினால், எதிர்முனை உண்மையானதா என்று பார்க்கும் சான்றிதழ் சோதனை தோற்று, பெட்டி இணையவே இணையாது.

பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கமும் தவறு உண்டு. பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் வோல்ட் இறங்கி மெமரி கார்டு கெடும். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் உப்புக்காற்றில் பின்களில் களிம்பு ஏறும். தரவுக் கணக்கையும் பலர் பார்ப்பதில்லை. ஒரு மெகாபிட் வேகம் இடைவிடாமல் ஓடினால் 30 நாளில் 324 ஜி.பி.; வாங்கியதையே மறுபக்கம் அனுப்புவதால் மொத்தம் 648. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று ஸ்னோஃப்ளேக்கின் கெபாசிட்டி அமைப்பில் வரம்பு வைக்கலாம்.

ஆகவே லைன் நிரம்பினால் முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை இணைப்பு, எவ்வளவு தரவு என்று மணிக்கொரு தரம் அந்தப் பெட்டியே எழுதி வைக்கிறது, காட்டுவார்.