பெல்ட் மணியை அடக்கும் கொக்கி

ஆசிரியருக்கு,

போன வாரம் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாடகைக் காரில் வந்தேன். ஓட்டுநர் சீட் பெல்ட் போடவில்லை. எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தால், பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் கொக்கி ஒன்று செருகியிருந்தது. "கத்திக்கிட்டே இருக்கு சார், அதான்" என்றார். எனக்குப் பகீரென்றது.

2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் இந்த மணியும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கையும் கட்டாயம். பெல்ட் இல்லாமல் மோதினால் உடல் முன்னே பாயும். அந்த நொடியில் விரியும் ஏர்பேக்கே முகத்திலும் நெஞ்சிலும் பலமாக அறையும்.

இணையத்தில் இந்தக் கொக்கியை விற்கக் கூடாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. எங்கள் ஊர் உதிரிபாகக் கடையிலோ சரமாகத் தொங்குகிறது. போக்குவரத்து அதிகாரிகள் கடைகளையும் சோதிக்க வேண்டும்.

- வாசகர் ஒருவர், திண்டுக்கல்