நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கு யார் தேதி குறிப்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். தனிமனித உரிமை பற்றிய உங்கள் தலையங்கத்தில், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவைப் பாராட்டியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அதே பிரிவின் பிற்பாதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

தடுப்புக்காவலில் வைக்கப்படுபவருக்கு அந்த 24 மணி நேரக் கணக்கு கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அங்கே இல்லை. குற்றம் செய்தார் என்று அல்ல, இனி செய்யக்கூடும் என்று சொல்லிப் பிடித்து வைப்பதுதான் தடுப்புக்காவல். நம் மாநிலத்தில் 'குண்டாஸ்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த 1982ஆம் வருடச் சட்டத்தில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். மூன்று மாதத்தைத் தாண்டினால்தான், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் கருத்து வேண்டும் என்கிறது அரசியல் சட்டம்.

இந்த மூன்று மாதம் அதிகம் என்று நாடாளுமன்றமே ஒருமுறை முடிவு செய்தது. நெருக்கடி நிலையின்போது மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறையில் கிடந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலை இருக்கும்வரை காவலை எதிர்த்து நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொல்லிவிட்டார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். மறுவருடமே அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார். (அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆனது.)

அந்தக் காயத்தில் வந்ததுதான் அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் (1978). உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்றது. அது அமலுக்கு வந்துவிட்டது. அதே திருத்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. அறிவுரைக் கழகத்தின் தலைவர் பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவே இருக்க வேண்டும் என்றது. அது மட்டும் இன்றுவரை அமலுக்கு வரவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று முடிவு செய்யும் பொறுப்பு மத்திய அரசிடம் விடப்பட்டது. அரசு தேதியே குறிக்கவில்லை. அப்புறம் எத்தனையோ ஆட்சிகள் மாறின; தடுப்புக்காவலை எதிர்த்துப் பேசியவர்களும் ஆட்சிக்கு வந்தார்கள். யாரும் குறிக்கவில்லை.

தடுப்புக்காவலை எதிர்த்த ஏ.கே. ராய் வழக்கில் 1981இல் இதைக் கேட்டபோது, அரசை நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு நீதிபதிகள் மட்டும் உடன்படவில்லை. எனக்கு அந்த இருவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அரசின் கையைக் கட்ட மக்கள் பிரதிநிதிகள் ஒரு கயிறு கொடுத்தார்கள். எப்போது கட்டிக்கொள்வது என்பதை அந்த அரசே முடிவு செய்யலாம் என்றால் அது என்ன கட்டுப்பாடு?

இதற்குப் புதிய மசோதா வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் வேண்டாம். அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். நம் மாநில எம்.பி.க்கள் ஒவ்வொருவரிடமும் இதைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பெயரோடு உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். பதில் சொல்லாதவர்கள் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்