கட்டிலோரத்து பிளக் பாயின்ட்

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து அவர் வீடு திரும்பிவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. கைப்பேசிக்கு சார்ஜ் போட அவர் இரவுதோறும் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து சார்ஜரைத் தேடுகிறார் என்றும், அங்கேயே யுஎஸ்பி வசதி உள்ள சாக்கெட்டைப் பொருத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகப் பொருத்தலாம். சென்ற மாதம் எங்கள் படுக்கையறையில் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் கண் அறுவை முடிந்தவர் சில வாரங்களுக்குக் குனியவே கூடாது என்பார்கள். தரையை ஒட்டிய சாக்கெட்டை எவ்வளவு நல்லதாக மாற்றினாலும் அவர் குனிவது நிற்காது. ஆகவே கட்டிலின் தலைமாட்டில், படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் இருக்கும் ஸ்விட்ச் போர்டில் உள்ள சாக்கெட்டை மாற்று. அந்த ஒன்று போதும். மற்ற அறைகளில் கை வைக்காதே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், சாதாரண சாக்கெட்டுக்குள் இருப்பவை சில உலோகத் தகடுகளும் திருகுகளும்தான்; நல்லதாக வாங்கிவிட்டால் அது பல்லாண்டுகள் உழைக்கும். யுஎஸ்பி சாக்கெட்டின் முதுகிலோ ஒரு முழு சார்ஜரே உட்கார்ந்திருக்கிறது. சுவருக்குள் வருவது நாட்டைப் பொறுத்து 120 வோல்ட் அல்லது 230 வோல்ட் அளவிலான மாறுதிசை மின்சாரம். கைப்பேசி கேட்பதோ 5 வோல்ட் அளவிலான நேர்திசை மின்சாரம். இதை அதுவாக மாற்றும் மின்னணுச் சுற்று முழுவதும் காற்றோட்டம் இல்லாத ஒரு பெட்டிக்குள் இரவும் பகலும் இருக்க வேண்டியிருப்பதால், வெறும் தகடுகள் உழைக்கும் காலம் அது உழைக்காது. கையில் இருக்கும் சார்ஜர் பழுதானால் எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகிவிடுவோம். இது பழுதானால் மின்சாரத்தை நிறுத்திச் சுவர்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதனால் தரச் சான்று முத்திரை இல்லாத மலிவுப் பொருளை இந்த ஒரு விஷயத்தில் தொடவே தொடாதே.

துளைகளைப் பற்றியும் யோசித்து வாங்கு. அப்பாவின் பழைய கேபிளுக்கு அகலமான டைப்-ஏ துளை வேண்டும். ஆனால் 2014இல் அறிமுகமான டைப்-சிதான் இப்போது எங்கும் வந்துவிட்டது, ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியும் விட்டது. இரண்டிலும் ஒவ்வொன்று உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பிறகு மாற்ற வேண்டியிருக்காது. அட்டைப் பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் ஆம்பியர் கணக்கு பெரும்பாலும் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்த மொத்தம் என்பதையும் கவனி. இரண்டு கைப்பேசிகளைச் செருகினால் அதைப் பங்கிட்டுத்தான் தரும். 5 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் என்றால் 12 வாட், இரவு முழுவதும் சார்ஜ் ஆகும் கைப்பேசிக்கு அது தாராளம். மடிக்கணினிக்கு 45 அல்லது 65 வாட் வேண்டும். அதற்கு 20 வோல்ட் வரை தரக்கூடிய பவர் டெலிவரி வகை உண்டு. தலைமாட்டில் அது தேவையில்லை. குறைந்த வாட் என்றால் சுவருக்குள் சூடும் குறைவு என்பது என் கணக்கு.

நான் செய்த தவறு, சுவர்ப் பெட்டியின் ஆழத்தை அளக்காமல் வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், முதுகுப்பகுதி தடிமனாக இருந்ததால் பின்னால் வயர் மடங்குவதற்கே இடமில்லை. அழுத்தித் திருகியிருந்தால் உள்ளே போயிருக்கும், ஆனால் வயரின் உறை நசுங்கியிருக்கும். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதுகு மெலிந்த வேறொன்றை வாங்கி வந்தேன்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம். அந்த அறைக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, வேறு யாரும் அதை ஏற்றிவிடாதபடி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, டெஸ்டர் சரியாக வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இன்னொரு சாக்கெட்டில் முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு இந்த சாக்கெட்டில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே திருகுகளைக் கழற்றினேன். பழைய சாக்கெட்டை வெளியே இழுத்ததும், நியூட்ரல் வயரின் முனையில் ஏறத்தாழ ஓர் அங்குல நீளத்துக்கு உறை பழுப்பேறி இருந்தது. நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த முனையின் திருகு முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. பல ஆண்டுகளாக இஸ்திரிப் பெட்டியை அதில்தான் செருகி வந்தோம். திருகு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, ஒவ்வொரு முறையும் அந்த முனை சூடேறிச் சூடேறி அந்த நிலைக்கு வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தபோது தகட்டில் ஒரு கறைகூட இல்லை, குமரன். அதற்கு அரை அடி தள்ளித்தான் என் மகள் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கருகிய பகுதியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும் வரை சீவி, புதிய முனையில் செருகி இறுக்கி, ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பார்த்தேன். உனக்கு வெட்டிய பின் வயரின் நீளம் போதாமல் போனாலோ, எர்த் வயரே இல்லாமல் இருந்தாலோ, ஒரே முனையில் இரண்டு வயர்கள் இருந்து அவை எங்கே போகின்றன என்று விளங்காவிட்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்துவிடு. சிவப்பு, கறுப்பு, பச்சை என்ற பழைய வண்ணங்களை மட்டும் நம்பிப் பொருத்தாதே. முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம். கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்.

இன்னும் இரண்டு செய்திகள். சில மாடல்களில் ஸ்விட்சை அணைத்தாலும் யுஎஸ்பி பகுதிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். வீணாவது மிகச் சொற்பம்தான், ஆனாலும் ஊருக்குப் போகும்போது எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் போவது நல்லது. பிற்பாடு யாராவது மெகர் என்ற கருவியை வைத்து, வயர்களின் உறையில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்க வந்தால், இந்த சாக்கெட்டைக் கழற்றிவிடச் சொல். அந்தக் கருவி பொதுவாக 500 வோல்ட் கொடுத்துச் சோதிப்பதால் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று பாழாகிவிடக்கூடும்.

புதிதாக எதையும் வாங்குமுன், தலைமாட்டு போர்டை எலக்ட்ரீஷியனை வைத்தாவது ஒருமுறை திறந்து பார்த்துவிடு. பெட்டியின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும், உள்ளே எத்தனை வயர்கள் இருக்கின்றன என்பதையும் எனக்கு எழுது. அதுவரை அப்பாவுக்கு ஒரு நீளமான கேபிளை வாங்கி, அதன் நுனியைக் கட்டிலின் தலைமாட்டில், குனியாமல் கை எட்டும் உயரத்தில் கட்டிவை.

அன்புடன்,
உன் நண்பன்